சனிக்கிழமை வேலை இருக்கிறது என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 36 வயது. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒலவக்கோட்டில் வாடகை வீடு, தனி ஆள். அம்மாவும் அண்ணன் குடும்பமும் ஊரில் இருக்கிறார்கள். 29 வயதில் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில் பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அதற்கப்புறம் வந்த ஜாதகங்களை ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவிட்டேன்.

சனி, ஞாயிறு லீவு. சனிக்கிழமை முழுக்க வீட்டு வேலை. துணி ஊறவைப்பேன். வாரம் முழுக்கச் சேர்ந்த பால் கவர்களைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பேன். ஈரமாக இருந்தால், வீடு வீடாகப் பிளாஸ்டிக் குப்பை எடுக்க வரும் ஹரித கர்ம சேனா அக்காக்கள் எடுக்க மாட்டார்கள். அப்புறம் காஸ், கரன்ட் பில், அரசு ஆன்லைன் வேலைகளுக்கான அக்ஷயா சென்டர், அம்மாவின் பிரஷர் மாத்திரையை வாங்கி ஊருக்குப் போகும் பஸ்ஸில் கொடுத்தனுப்புவது. ஞாயிற்றுக்கிழமை எங்கே கச்சேரி என்றாலும் போய்விடுவேன். கல்பாத்தித் தேர் சமயம் ஒரு நாள் விடமாட்டேன். உற்சவ காலத்தில் செண்டையில் வாசிக்கும் தாயம்பகா, பஞ்சவாத்தியம் எல்லாம் உண்டு. எப்போதும் தனியாகத்தான். அது ஒன்றுதான் எனக்கு நிம்மதி. இப்போது அதுவும் கெட்டுவிட்டது.

சில மாதங்களுக்கு முன் டேட்டிங் ஆப் ஒன்றில் ஒரு பெண்ணோடு பேச ஆரம்பித்தேன். ஒற்றப்பாலத்துக்காரர், மலையாளி, 33 வயது, ஆஸ்பத்திரி லேபில் வேலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் லீவு. இரண்டு முறை சந்தித்தோம், ஒரு தடவை பாலக்காட்டுக் கோட்டையில், ஒரு தடவை ஸ்டேடியம் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில். இரண்டாவது தடவை என் சங்கீதப் பைத்தியத்தைப் பற்றிக் கேட்டார். நான் மிருதங்கம், தனி ஆவர்த்தனம் என்று பேசிக்கொண்டே போய்விட்டேன். நடுவில் அவர் ஃபோனைப் பார்த்தார். போரடித்துவிட்டேன் போலிருக்கிறது. போன புதன்கிழமை, "சனிக்கிழமை ஃப்ரீயா?" என்று மெசேஜ் வந்தது. "கொஞ்சம் வேலை இருக்கு" என்று போட்டேன். அன்றைக்கு நான் செய்த பெரிய வேலை, வாட்டர் ஃபில்டரைக் கழட்டிக் கழுவியதுதான். "ஓகே" என்று மட்டும் போட்டார். அதற்கப்புறம் இருவரும் ஒன்றும் எழுதவில்லை. ஞாயிறு கச்சேரியில் ஆலாபனை நடக்கும்போது அந்த ஓகேயையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி தூக்கம் இல்லை.

அவருக்கு நம் சங்கீதம் ஒத்துவருமா? யாராவது பார்த்து அம்மாவிடம் சொல்லிவிட்டால்? தனியாகவே இருக்கப் பிறந்தவனா நான்? இப்போது அவருக்கு என்ன எழுதுவது?

– பெயர் வேண்டாம், ஒலவக்கோடு

பதில்:

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் பால் கவர் கழுவுகிற பக்குவம் மட்டும் அரைப் பக்கம் இருந்தது. மூலையை எவ்வளவு வெட்டுவது, உள்பக்கத்தை எப்படித் திருப்பிப் போடுவது, எத்தனை தண்ணீரில் அலசினால் வாடை போகும் என்பதுவரை எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு என் வீட்டுக் கொடியை நானே ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்? ஊர், வயது, வேலை, லீவு நாள். தரகர் கொண்டுவரும் காகிதத்தில்கூட இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கோட்டையில் என்ன பேசினார், எதற்குச் சிரித்தார், லீவு நாளில் அவர் என்ன செய்வார் என்பதற்கெல்லாம் ஒரு வரிகூட இல்லை. இரண்டு சந்திப்பிலும் நீங்கள் பெரும்பாலும் உங்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் பேச வேண்டும். அதற்குமுன் வீட்டு வேலைகளுக்கு ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன்.

தனி ஆள் வீடு என்றால் வேலை குறைவு என்று ஊரில் நினைக்கிறார்கள். சமையலில் வேண்டுமானால் பாத்திரம் குறையலாம். காஸ் புக் செய்வது, பில் கட்டுவது, அக்ஷயாவில் டோக்கன் போட்டு உட்காருவது எல்லாம் நாலு பேர் இருக்கும் வீட்டிலும் அதே அளவுதான். அங்கே ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். உங்களுக்கு எல்லாமே உங்கள் தலையில்தான். போதாததற்கு அம்மாவின் மாத்திரையும் உங்கள் பொறுப்பு. கஞ்சிக்கோட்டிலிருந்து வீடு திரும்பும்போது பாதிக் கவுன்டர்கள் மூடியிருக்கும். ஆகவே சனிக்கிழமை நிரம்பி வழிகிறது என்றால் நம்புகிறேன்.

ஃபில்டரை மட்டும் நம்பவில்லை. அது புதன்கிழமை ராத்திரி சாப்பிட்ட பிறகு செய்கிற வேலை. அவருடைய மெசேஜ் வருவதற்கு முன்பே அது சனிக்கிழமைக் கணக்கில் இருந்ததா, வந்த பிறகு சேர்ந்ததா என்பது உங்களுக்குத் தெரியும்.

"வேலை இருக்கு" என்று அனுப்பிய அந்த நிமிஷம் நெஞ்சு லேசானதா? ஆகியிருக்கும். பயப்படுகிற காரியத்தைத் தள்ளிவைத்தவுடன் ஒரு நிம்மதி வரும், அது உடனே வரும், நன்றாகவும் இருக்கும். அதனாலேயே அடுத்த தடவையும் தள்ளிவைக்கத் தோன்றும். தள்ளிவைக்கத் தள்ளிவைக்க, அந்தக் காரியம் உண்மையில் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே இல்லாமல் போகும். பயம் அப்படியே இருக்கும், சில சமயம் வளரும். உளவியலில் நாங்கள் இதைத் தவிர்த்தல் என்போம். குடித்துத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், ராத்திரி முழுக்க ரீல்ஸ் பார்த்துத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டில் திட்டு விழும். வீட்டு வேலை செய்து தவிர்ப்பவருக்கு, பையன் எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று பாராட்டு கிடைக்கும். உங்கள் சிக்கல் வெளியே தெரியாமல் இத்தனை வருஷம் ஓடியதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அந்த நிச்சயதார்த்தம். அதை இரண்டு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பத்திரிகை அடிக்கப் போகும் நேரத்தில், காரணமும் சொல்லாமல் வேண்டாம் என்றால், அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒவ்வொருவராகச் சொல்லித் தீர்க்க வேண்டும். காரணம் தெரியாததால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் கற்பிப்பார்கள். அந்த அவமானம் சாதாரணமில்லை. ஆனால் இப்போது நடப்பதன் அளவைப் பாருங்கள். மண்டபம் பேசவில்லை, பத்திரிகை இல்லை, இரண்டு வீட்டாருக்கும் தெரியாது. ஒத்துவராவிட்டால் டீ குடித்ததோடு முடியும். வருத்தமாகத்தான் இருக்கும், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்காது. உங்கள் மனம் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுகிறது.

சரி, டீக்கடைக்கு வருவோம். 1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள், மனிதர்களிடம் பேசுவதில் வரும் பதற்றம் ஏன் தானாகக் குறைவதில்லை என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். பதற்றம் உள்ளவர் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன்னைப் பார்க்க ஆரம்பிப்பார். குரல் நடுங்குகிறதா, அதிகமாகப் பேசுகிறேனா, அசட்டுத்தனமாகத் தெரிகிறேனா என்று உள்ளுக்குள் ஒரு கண்காணிப்பு ஓடும். எதிரில் இருப்பவர் உண்மையில் என்ன செய்தார் என்பது சரியாகப் பதியாது. வீட்டுக்கு வந்த பிறகு, பதிந்த கொஞ்சத்தை வைத்து மறுவிசாரணை நடத்துவார். அந்த விசாரணையில் தீர்ப்பு எப்போதும் அவருக்கு எதிராகத்தான் இருக்கும். நீங்கள் ஃபோன் விஷயத்தில் செய்வது இதேதான். ஒரு மணி நேரச் சந்திப்பில் அவர் ஃபோனைப் பார்த்த அந்த ஒரு நொடி மட்டும் தங்கியிருக்கிறது. லேபில் வேலை பார்க்கிறவருக்கு லீவு நாளிலும் எதையாவது கேட்டு மெசேஜ் வரும். வீட்டிலிருந்து வந்திருக்கலாம். மணி பார்த்திருக்கலாம். போரடித்தும் இருக்கலாம், அதை நான் மறைக்கப் போவதில்லை. மிருதங்கத்தைப் பற்றி மட்டுமே அவ்வளவு நேரம் பேசியது கொஞ்சம் நீளம்தான்.

ஆனால் போரடித்தவர் அடுத்து என்ன செய்தார்? மாதத்தில் தனக்குக் கிடைக்கும் இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்றை எடுத்து உங்களிடம் நீட்டினார். உங்கள் கடிதத்தில் இருக்கும் தகவல்களிலேயே கனமானது இதுதான். லீவு நாளைப் பற்றிய குறிப்பாக அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

அமெரிக்காவில் எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பேசவிட்டு, பிறகு தனித்தனியே கேட்டார்கள்: அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தன்னை மற்றவருக்குப் பிடித்த அளவை மக்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். கல்லூரி விடுதியில் ஒன்றாகத் தங்கும் மாணவர்களிடமும் இந்த இடைவெளி பல மாதம் நீடித்தது. அவருக்கு உங்களைப் பிடித்திருக்கிறது என்று இதை வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது. பிடிக்கவில்லை என்று நீங்கள் போட்ட கணக்கை நம்ப வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடியும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ஒரு பக்கத்தை மட்டும் கூட்டி பேலன்ஸ் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து உங்கள் கச்சேரி. பாட்டு கேட்டுக்கொண்டே ஓகேயைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் அதிகம் உறைத்தது, ஏனென்றால் இந்தப் பதற்றத்துக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கிற ஒரு பயிற்சி நீங்கள் வருஷக்கணக்காகச் செய்துவருவதுதான். மேலே சொன்ன ஏட்ரியன் வெல்ஸ் 1990இல் ஒரு கவனப் பயிற்சியை உருவாக்கினார். ஒரே நேரத்தில் பல ஒலிகளைக் கேட்கவைத்து, முதலில் ஒன்றில் மட்டும் கவனத்தை நிறுத்தச் சொல்வார்கள். பிறகு வேறொன்றுக்கு மாற்றச் சொல்வார்கள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கவனம் எங்கே போக வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது என்று பழகுவதற்காக இது. இதற்கு என்னிடம் வருகிறவர்களுக்கு மின்விசிறிச் சத்தம், கடிகாரம், தெருவில் போகும் ஆட்டோ என்று ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் கச்சேரி மேடையே இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் உருப்படியில் தம்புராவை மட்டும் பிடியுங்கள். அப்புறம் வயலின். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி வரும்போது கடத்தை மிருதங்கத்திலிருந்து பிரித்துக் கேளுங்கள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் பேரைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊரில், தனி தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பது கடிதத்தில் தெரிகிறது, சந்தோஷம். ஃபோனை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போங்கள். சட்டைப் பையில் சைலன்ட்டில் வைப்பது போதாது, கை தானாகப் போகும்.

பிறகு அதே காதை டீக்கடைக்கும் கொண்டுபோங்கள். நான் எப்படிப் பேசுகிறேன் என்று உள்ளே பார்க்கத் தொடங்குகிறீர்கள் என்று தெரிந்தவுடன், அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்துக்குத் திரும்புங்கள். அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். லேபில் காலையில் முதலில் வரும் ஆள் யார், ரத்தம் எடுக்கும்போது அதிகம் பயப்படுவது ஆண்களா பெண்களா, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அடுத்த முறை எனக்கு எழுதினால் அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிற அளவுக்கு விஷயம் சேர வேண்டும்.

அவருக்கு நம் சங்கீதம் ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். ஒற்றப்பாலத்துக்காரரைப் பற்றிக் கொழிஞ்சாம்பாறைக்காரர் இப்படிக் கவலைப்படுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. ஒற்றப்பாலம் இருக்கிற வள்ளுவநாட்டில் செண்டைச் சத்தம் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. பக்கத்தில் ஷொர்ணூரைத் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் செறுதுருத்தியில், மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் 1930இல் தொடங்கிய, கதகளி போன்ற கேரளக் கலைகளைக் கற்றுத்தரும் கலாமண்டலம் இருக்கிறது. கச்சேரியும் அந்த ஊருக்குப் புதிதில்லை. கர்நாடக சங்கீத வித்வான் செம்பை வைத்தியநாத பாகவதர் 1974 அக்டோபரில் தன் கடைசிக் கச்சேரியைப் பாடியது ஒற்றப்பாலத்துக் கிருஷ்ணன் கோயிலில்தான். அவருக்கு இதெல்லாம் பிடிக்குமா என்பது வேறு கேள்வி. சினிமாப் பாட்டு கானமேளா மட்டும்தான் பிடிக்கும் என்றும் சொல்லலாம், சங்கீதமே வேண்டாம் என்றும் சொல்லலாம். கேட்டால்தான் தெரியும். தாயம்பகாவைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவராக இருந்தால் உங்கள் மிருதங்கச் சொற்பொழிவுக்குப் பழிவாங்கவும் செய்யலாம். உட்கார்ந்து கேளுங்கள்.

எங்கே கூப்பிடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மூன்றாவது சந்திப்புக்கு மூன்று மணி நேரக் கச்சேரி வேண்டாம். பேச முடியாது, பிடிக்காவிட்டால் நடுவில் எழ முடியாது, உங்கள் பழக்கமான மாமாக்கள் எல்லாம் முன்வரிசையில் இருப்பார்கள். ராகம் தானம் பல்லவியில் நீங்கள் கண்மூடித் தலையாட்டும்போது அவர் என்ன செய்வார்? தாயம்பகா இதற்குத் தோது. கோயில் மைதானத்தில் நின்றபடி கேட்பது. ஒருவர் முன்னால் நின்று வாசிக்க, வலந்தலைச் செண்டைகளும் இலைத்தாளமும் பின்னால் தாளத்தைத் தாங்கும். பதிகாலத்தில் நிதானமாகத் தொடங்கி இரிகிடையில் பொறி பறக்க முடிய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் பாதியில் வந்து பாதியில் போனால் யாரும் முறைக்க மாட்டார்கள். சத்தம் பிடிக்காவிட்டால் பத்தடி தள்ளி வந்து கடலை வாங்கிக்கொண்டு பேசலாம். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் இன்டர்வியூ இறுக்கம் கொஞ்சம் தளரும்.

அதே காரணத்துக்காகத்தான் உங்கள் சனிக்கிழமை வேலைகளையும் ஒரேயடியாக ஒதுக்கிவைக்க வேண்டாம் என்கிறேன். மாத்திரை வாங்கி ஸ்டேடியம் ஸ்டாண்டில் பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும் என்றால், கூட வருகிறீர்களா என்று கேட்கலாம். மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போதும், கண்டக்டரிடம் கவரைக் கொடுத்து எந்த ஸ்டாப்பில் யார் வந்து வாங்குவார்கள் என்று விளக்கும்போதும் நீங்கள் எப்படிப்பட்டவர் என்று அவருக்குத் தெரியும். மூளையைக் கசக்கிப் பேச்சுக்கு விஷயம் தேட வேண்டியதில்லை. இரண்டு சனிக்கிழமை மட்டும் லீவு உள்ளவருக்கும் அன்றைக்குத் தைக்கக் கொடுத்ததை வாங்குவது, அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போவது என்று ஏதாவது இருக்கும். அதையும் கேளுங்கள். ஒன்று மட்டும், வீட்டுக்குக் கூப்பிட்டு ஃபில்டரைக் காட்ட வேண்டாம். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

மற்ற வேலைகளை வாரநாள் ராத்திரிகளுக்குத் தள்ளுங்கள். சனிக்கிழமைக்கு கவுன்டர் திறந்திருக்க வேண்டிய வேலைகள் மட்டும் போதும். ஏதாவது விட்டுப்போகும். போகட்டும்.

யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு உளவியலில் ஒரு பிரபலமான ஆய்வு உண்டு. தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்டது. மாணவர்களைப் பாரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட, போட்டுக்கொள்ளவே கூச்சமான டீஷர்ட் ஒன்றோடு மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான். நாம் நினைக்கிற அளவுக்கு உலகம் நம்மைப் பார்ப்பதில்லை என்று இதைக் காட்டி ஆறுதல் சொல்வது வழக்கம். பாலக்காட்டில் அந்த ஆறுதல் அரைவாசிதான் செல்லும். அது பேர் தெரியாத மாணவர்கள் இருந்த அறை. உங்களைக் கல்பாத்தியில் பார்க்கிறவர்களுக்கு உங்கள் அண்ணன் நம்பர் தெரியும். யாராவது பார்ப்பார்கள். சிலர் ஃபோனும் செய்வார்கள். எனவே பார்க்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்வதைவிட, அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நீங்களாகப் போய் இப்போது சொல்ல வேண்டாம், சொல்ல இன்னும் ஒன்றும் ஆகவில்லை. கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம். "ஆமாம்மா, ஒருத்தங்ககிட்ட பேசிட்டிருக்கேன். சொல்ற மாதிரி ஆச்சுன்னா உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன்" என்பது போதும். அம்மா அடுத்த கேள்வியாக ஜாதி கேட்பார், நட்சத்திரம் கேட்பார். இதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். 36 வயதில் அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

இதில் அவருடைய பக்கமும் ஒன்று இருக்கிறது. உங்களை யாராவது பார்த்தால் அம்மாவிடம் ஒரு பேச்சு, அவ்வளவுதான். ஒரு பெண்ணைப் பார்த்தால் ஊர் அதற்குப் பேசுகிற பேச்சு வேறு. அதைத் தெரிந்துகொண்டும் இரண்டு முறை வந்திருக்கிறார், மூன்றாவது முறைக்கு அவரே கேட்டிருக்கிறார். எங்கே சந்தித்தால் அவருக்குச் சங்கடமில்லை என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. கேட்க வேண்டும்.

தூக்கத்துக்கு ஒரு வழி. கவலையைப் படுக்கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். தாமஸ் போர்கோவெக்கும் சக ஆய்வாளர்களும் 1983இல் எழுதிய முறை இது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரைமணி நேரம் கவலைக்கென்று ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால், மாலை ஆறரைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டும். உங்களுக்குத்தான் தள்ளிவைக்க நன்றாக வருமே, அதை இதற்குப் பயன்படுத்துங்கள். அந்த அரைமணியில் பேப்பரில் எழுதுங்கள், எழுதி முடித்ததும் மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். கச்சேரி இடைவேளைக் காபியையும் குறையுங்கள். இதெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல், கச்சேரிகூட வேண்டாம் என்று தோன்றினால் டாக்டரை நேரில் பாருங்கள். டெலி மானஸ் எண் 14416 இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

தனியாக இருக்கப் பிறந்தவனா என்ற கேள்விக்கு ஜோசியர்தான் பதில் சொல்வார். தனியாக இருப்பது நோயில்லை. தனியாகக் கச்சேரிக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை, நாளைக்குக் கல்யாணமே ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போங்கள். ஆனால் தனியாக இருப்பதுதான் பிடித்தம் என்று இருப்பவர், ஒரு ஓகேயை ஆலாபனை முழுக்கத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

என்ன எழுதுவது? இப்படி எழுதலாம்: "அன்னைக்கு வேலை இருக்குன்னு சொன்னேன். அவ்வளவு பெரிய வேலை ஒண்ணும் இல்லை, கொஞ்சம் தயக்கம். உங்களைப் பார்க்கணும்னுதான் இருக்கு. அடுத்த லீவு சனிக்கிழமை எப்போ? எங்கே பார்த்தா உங்களுக்கு வசதி?" அவரோடு மலையாளத்தில்தான் பேசுவீர்கள் என்றால் மலையாளத்தில் எழுதுங்கள். நாலு வரிக்கு மேல் வேண்டாம். நிச்சயதார்த்தக் கதை, மன்னிப்புப் படலம் எதையும் சேர்க்காதீர்கள், அதெல்லாம் நேரில் பேசுகிற விஷயம். ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பாதீர்கள், நாளைக் காலை டீ இடைவேளையில் அனுப்புங்கள். ஷிஃப்டில் இருப்பவர், உடனே பதில் வராது. ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் வராவிட்டால் அதுவே பதில், இன்னொரு மெசேஜ் போட்டுத் துரத்த வேண்டாம். இந்த மாதம் முடியாது என்று வந்தால், முடியும்போது சொல்லுங்கள் என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வருகிறேன் என்று சொன்னால், ஒற்றப்பாலத்துக்குத் திரும்பிப்போக அவருக்கு எந்த வண்டி வசதி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் எத்தனை மணிவரை என்பது அதைப் பொறுத்துத்தான்.